படிக்குக் கீழே ஒரு நீலப் பெட்டி

எங்கள் வீட்டு பேஸ்மென்ற் படிக்குக் கீழே ஒரு பெரிய நீலப் பிளாஸ்ரிக் பெட்டி இருக்கிறது. மூடியில் ‘சும்மா திறக்க வேண்டாம்’ என்று அம்மாவின் கையெழுத்து. என் மகள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அதை வாசித்து முடிப்பதற்குள் பெட்டியைத் திறந்துவிடுவாள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘கரண்ட் பெட்டி’. கரண்ட் இல்லாத நாளுக்கான பெட்டி என்று அர்த்தம்.

நவம்பர் வந்தால் அம்மா அதிலுள்ளதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பி, துடைத்து, திரும்ப அடுக்குவார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வெறும் ஜாம் போத்தல் கிடக்கும். அதை ஒருநாளும் பாவித்ததில்லை. எறியவும் விடமாட்டார்.

1990 இல் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடையும் சேர்ந்துகொள்ள, மண்ணெண்ணெய் பொன் விலைக்குப் போனது. அரிக்கன் லாம்பு கொளுத்த யாருக்குக் கட்டும்? ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, பஞ்சை நனைக்கிற அளவுக்கு மட்டும் எண்ணெய், மெல்லிய திரி. அவ்வளவுதான் விளக்கு. அதைச் சுற்றி நாலு பிள்ளைகள் இருந்து படிப்போம். செய்தி கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ போடுவோம். இப்படி ஐந்து வருடம். ஆகவே கரண்ட் இல்லாமல் இருப்பதைப் பற்றி அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்று அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2013 டிசம்பரில் நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம். அம்மா கனடாவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலம். மகளுக்கு நாலு வயது. ஸ்நோ கொட்டும் என்று தெரியும், ஷவல் வாங்கி வைத்திருந்தோம், உப்பு மூட்டை இருந்தது. ஆனால் அந்த வார இறுதியில் கொட்டியது ஸ்நோ இல்லை, உறைமழை.

ஊரில் உள்ளவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம். மேலே விழுகிற பனி, இடையில் ஒரு சூடான காற்றுப் படைக்குள் வந்து உருகி மழையாகிவிடும். நிலத்துக்குக் கிட்ட மெல்லிதாக ஒரு குளிர்காற்றுப் படை. அதற்குள் திரும்ப உறைவதற்கு நேரம் போதாது. பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தும் தண்ணீராகவே விழுந்து, எதில் படுகிறதோ அதில் அப்படியே கண்ணாடியாக ஒட்டிக்கொள்ளும். புல், கார், கொடிக்கம்பி, மின்கம்பி, ஒவ்வொரு சுள்ளி. பார்க்க அழகு என்றால் அப்படியொரு அழகு. ஆனால் பாரம் தாங்காது. 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் இதே உறைமழை நாட்கணக்கில் பெய்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரிய இரும்புக் கோபுரங்களையே மடக்கிப் போட்டது. சில ஊர்களில் ஒரு மாதத்துக்கு மேல் கரண்ட் இல்லை.

21 ஆம் திகதி சனி இரவு முழுக்க மரங்கள் முறிந்தன. முறிகிற சத்தம் மழைச் சத்தத்துக்கு மேலாகப் பட் பட்டென்று கேட்டது. அம்மா அறையை விட்டு வெளியே வந்து, “எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார். நான் மரம் என்றேன். சரியென்று போய்ப் படுத்துவிட்டார். தூரத்தில் ட்ரான்ஸ்போமர்கள் வெடித்து வானம் பச்சையும் நீலமுமாக மின்னியது. விடியும்போது வீடு அமைதியாக இருந்தது. பிரிட்ஜின் உறுமல்கூட இல்லை. ரொறன்ரோவில் மட்டும் ஏறக்குறைய 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்திருந்தன.

எங்கள் முதலாவது முட்டாள்தனம் ஃபர்னஸ். வீட்டைச் சூடாக்குவது காஸ் தானே, கரண்ட் போனால் அதற்கென்ன என்று இவர், என் கணவர், சொன்னார். நானும் தலையாட்டினேன். காஸ் குழாயில் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதைப் பற்றவைப்பது கரண்ட், சூட்டை அறை அறையாகத் தள்ளுகிற காற்றாடி சுற்றுவதும் கரண்ட். மத்தியானம் வீட்டுக்குள் 15 பாகை. பின்னேரம் 12. அடுப்பும் எங்களுக்கு மின்சார அடுப்பு. ஆக, சூடுமில்லை, வெந்நீருமில்லை. மேசையில் ஒரு பாண், பிரிட்ஜ் நிறையச் சமைக்காத மீன்.

அம்மா மட்டும் உற்சாகமாக இருந்தார். எனக்கு அது இப்போதும் நினைவிருக்கிறது. வந்த நாளிலிருந்து ரிமோட், மைக்ரோவேவ், பாதுகாப்பு அலாரம் என்று எதைத் தொட்டாலும் பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருந்த மனிசி, அன்றைக்குத்தான் வீட்டைக் கையில் எடுத்தார். சின்ன அறையொன்றைத் தெரிந்து எல்லா மெத்தைகளையும் அங்கே இழுத்துப் போட்டார். கதவின் அடி இடைவெளிக்கு இவருடைய சாரத்தைச் சுருட்டி அடைத்தார். ஜன்னலுக்குப் போர்வை. எல்லாருக்கும் தொப்பி, காலுறை. ஒரே அறையில் எல்லாரும் மூச்சுவிட்டால் அந்த மூச்சே பாதிச் சூடு என்றார். இதெல்லாம் சரி. நூற்றுக்கு நூறு சரி.

இரவு ஏழு மணிபோல, கோடையில் பாபகியூவுக்கு வாங்கி மிஞ்சிய கரி மூட்டையைக் கண்டுபிடித்தார். பின்வளவில் வைத்துக் கொளுத்தி, புகை முழுக்க அடங்கி, நெருப்பு வெள்ளைச் சாம்பல் பூத்துச் செந்தணலாக வரும்வரை காத்திருந்து, பழைய இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பிள்ளைப்பேறு வீட்டில் தணல் சட்டி வைத்து வளர்ந்தவர். “புகைதான் கூடாது. புகை போனாப்பிறகுதானே கொண்டுவாறன்” என்றார். எனக்கு அது முழு நியாயமாகப் பட்டது. அறை இளஞ்சூடாகியது. மகள் சட்டிக்குக் கிட்ட இருந்து கைகளை நீட்டிக் காட்டிச் சிரித்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து நடைபாதைச் சுவரில் இருந்த ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி கத்தத் தொடங்கியது. நாலு தரம் கத்தும், நிற்கும், திரும்ப நாலு தரம். வீட்டை விற்றவர்கள் விட்டுப்போன சாமான். கரண்ட் இல்லையென்று கத்துகிறதாக்கும் என்று சொல்லிக்கொண்டு இவர் பற்றரியைக் கழற்றக் கதிரையில் ஏறினார். மகள், “அம்மா, தலை இடிக்குது” என்றாள். எனக்கும் இடித்தது. குளிராக்கும் என்று நினைத்திருந்தேன். அந்தக் கணத்தில் ஏன் என்று தெரியவில்லை, சுண்டுக்குளிப் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படிப்பித்த ரீச்சரின் குரல் காதில் வந்தது: காபனோரொட்சைட்டு (கார்பன் மோனாக்சைடு) நச்சு வாயு, நிறமற்றது, மணமற்றது.

நான் கத்தின கத்தில் இவர் கதிரையிலிருந்து விழப் பார்த்தார். எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, உடுத்த உடுப்போடு, போர்வையோடு வெளியே ஓடினோம். தீயணைப்புப் படை வந்து கையிலுள்ள மீற்றரோடு ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தது. வந்தவர்களில் ஒருவர் சட்டியைத் தூக்கி வந்து ஸ்நோவில் கவிழ்த்துவிட்டு, அன்று தாங்கள் போன முதல் வீடு இதில்லை என்று மட்டும் சொன்னார். கோபப்படவில்லை. மரக்கரி சிவந்து எரியும்போது புகை வராது, ஆனால் காபனோரொட்சைட்டு நிறைய வரும். புகை இருந்தாலாவது இருமிக்கொண்டு வெளியே ஓடியிருப்போம்.

அன்றிரவு அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில், ஜன்னலின் இரட்டைக் கண்ணாடியையும் அதன் ஓரத்து ரப்பரையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றவர், “எங்கடை வீடு மூச்சு விடும் பிள்ளை. ஓட்டுக்குள்ளாலை, கதவுக்குள்ளாலை. இது போத்திலுக்கு மூடி போட்ட மாதிரி” என்றார். நெருப்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. வீட்டைப் பற்றித்தான் தெரியாமல் போயிற்று. ஊரில் படித்த எதை இங்கே கொண்டுவரலாம், எதைக் கொண்டுவரக்கூடாது என்று அதன்பிறகுதான் நாங்கள் ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினோம். அந்த நீலப் பெட்டி அப்படிப் பிரித்ததில் வந்ததுதான்.

நெருப்பு வெளியே. அதுதான் முதல் சட்டம். கராஜுக்குள்ளும் இல்லை, கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் இல்லை. பாபகியூ, முகாம் அடுப்பு, ஜெனரேற்றர் எதுவானாலும் வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலுக்குத் தள்ளி. திங்கட்கிழமை அம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். இவருடைய ஸ்நோ ஜக்கெற்றை வீட்டுச்சட்டைக்கு மேலே மாட்டி, தொப்பிக்கு மேலே மப்ளர் சுற்றி, பின்வளவில் புரோப்பேன் பாபகியூவின் பக்க அடுப்பில் புட்டுப்பானையை ஏற்றினார். வறுத்த அரிசிமா வீட்டில் எப்போதும் இருக்கும். உறைந்த தேங்காய்ப்பூவைக் கையால் உதிர்த்து, மாவைக் குழைக்கச் சுடுதண்ணீர் விட்டுக் கோப்பையின் விளிம்பால் கொத்திக் கொத்தி, கையுறை இல்லாமல். ஆவி ஒரு ஆள் உயரத்துக்கு மேலே போனது. மரமெல்லாம் கண்ணாடி, நடுவில் புட்டு வாசம். பக்கத்து வீட்டுப் பிலிப்பீனோ நேர்ஸ் இரவு வேலை முடித்து வந்தவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு கோப்பை புட்டும் ரின்மீன் பொரியலும் போனது. கோப்பை திரும்பி வரும்போது நிறையச் சொக்லேற்.

பிறீசர் விஷயத்தில் அம்மாதான் நீதிபதி. ஐஸ் கரைகிறதோ என்று பார்க்க இவர் மணிக்கொரு தரம் திறப்பார். “தம்பி, ஐஸ் போகுதோ எண்டு திறந்து பாத்தால்தான் ஐஸ் போகும்” என்று அம்மா கதவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்துவிட்டார். கணக்கும் அவர் பக்கம்தான். நிறைந்த பிறீசர், திறக்காமல் விட்டால், 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பாதிதான் நிறைந்திருந்தால் 24. கீழே உள்ள சாதாரணத் தட்டுகளுக்கு நாலு மணி நேரம்தான். பாற்சொதியும் சோறும் மீனும் முதல் நாளே போய்விட்டன என்று அர்த்தம். வெளியே இவ்வளவு குளிர், அங்கே வைத்தால் என்ன என்று எல்லாருக்கும் தோன்றும். அம்மாவும் ஆட்டிறைச்சியைச் சட்டியோடு வெளியே வைத்து, மூடிக்கு மேலே செங்கல்லும் வைத்தார். ஸ்காபரோ ரக்கூனுக்குச் செங்கல் ஒரு பொருட்டா? அதோடு, வெயில் அடித்தால் சட்டிக்குள் சூடு ஏறியிறங்கும், உணவு பழுதாகிவிடும். உணவை வைக்காமல், பால் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி வெளியே வைப்பதுதான் புத்தி. விடிய ஐஸ் கட்டியாக எடுத்துப் பிரிட்ஜுக்குள் அடுக்கலாம். குளிரை உள்ளே கொண்டுவருவது. இது எங்களுக்குப் பக்கத்து வீட்டு நேர்ஸ் சொல்லித் தந்தது.

செவ்வாய் இரவு மைனஸ் 10 ஐயும் தாண்டி இறங்கியது. தண்ணீர்க் குழாய் வெடித்துவிடும் என்று பயந்து, இரவிரவாகக் குழாய்களை மெல்லிய நூலாக ஓடவிட்டோம். வீட்டின் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ரோச் அடித்துத் தேடினோம். சலவை இயந்திரத்துக்குப் பின்னால். இப்போது அதில் சிவப்பு ரிபன் கட்டியிருக்கிறது.

புதன்கிழமை, நத்தார் அன்று பின்னேரம் கரண்ட் வந்தது. கிட்டத்தட்ட நாலு நாள். வேறு சில தெருக்களில் அதற்குப் பிறகும் நாட்கள் எடுத்தது.

கனடா அரசாங்கத்தின் ஆலோசனை, ஒவ்வொரு வீடும் 72 மணி நேரத்துக்குத் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும் என்பது. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 2 லீற்றர் குடிதண்ணீர், கெடாத உணவு, ரின் வெட்டி, கையால் சுற்றுகிற ரோச், றேடியோ, மருந்து, சில்லறைக் காசு, பத்திரங்களின் பிரதி. நல்ல பட்டியல்தான். ஆனால் 72 மணி நேரம் என்பது புதன் காலையோடு முடிந்துவிட்டது, எங்களுக்குக் கரண்ட் வந்தது பின்னேரம். அதனால் நாங்கள் ஒரு வாரத்துக்கு வைக்கிறோம். இன்னொன்று, அந்த மாதிரிப் பட்டியலைப் பார்த்து முதல் வருடம் நான் கிரனோலா பார் இரண்டு பெட்டி வாங்கி வைத்தேன். ஒருவரும் தொடவில்லை. நடுங்குகிற நேரத்தில் மனுசருக்கு இனிப்புக் கட்டை தேவையில்லை. உறைப்பாக, சூடாக, தெரிந்த ருசியாக ஏதாவது வேண்டும்.

ஆகவே எங்கள் பெட்டியில் இருப்பது எங்கள் வாய்க்குத் தெரிந்த சாமான். ரின்மீன் பத்து. அவல், பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டாலே போதும், பனங்கட்டியைச் சீவிப் போடலாம். சத்துமா, எல்லாம் ஏற்கெனவே வறுத்து அரைத்தது என்பதால் கொதிதண்ணீர் ஊற்றிக் குழைத்தால் உருண்டை. மாசிச் சம்பல் ஒரு போத்தல், தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல். கிறீம் கிறாக்கர், பால்மா, தேயிலை, சீனி. மகளுக்காகக் கடலை வெண்ணெய். பருப்பு இல்லை, அரிசி இல்லை. நீண்ட நேரம் அவிக்க வேண்டியது எதுவும் அந்தப் பெட்டிக்குள் போகாது. முதல் வருடம் அம்மா ஐந்து கிலோ கடலை வைத்திருந்தார். ஊறப்போட்டு அவிக்கப் புரோப்பேன் சிலிண்டர் இரண்டு வேண்டும் என்று சண்டை பிடித்து எடுத்தேன். ரோச் நாலு, பற்றரி தனியாக, இல்லையென்றால் உள்ளேயே கசிந்து பழுதாகிவிடும். மெழுகுதிரி இல்லை. போர்வைக்கூடாரத்துக்குள் மெழுகுதிரி வைத்திருந்த என்னை நினைத்தால் இப்போது வயிறு கலங்குகிறது.

வானிலை எச்சரிக்கை வந்ததும் கடைக்கு ஓடிப் பாணும் பாலும் வாங்குகிற பழக்கம் இந்த ஊர் முழுக்க இருக்கிறது. எங்கள் ஆட்களும் விதிவிலக்கில்லை. இரண்டும் முதலில் பழுதாகிற சாமான். அந்த நேரத்தைக் குசினியில் செலவழிப்பதுதான் லாபம். பெரிய பிளாஸ்க் இரண்டிலும் கொதிதண்ணீர் நிரப்பி மூடு. பிரிட்ஜில் உள்ள மீனைக் கறியாக்கி அன்றே சாப்பிடு. எல்லாரும் குளித்துவிடு. உடுப்புத் தோய்த்துக் காயவை. போன்களைச் சார்ஜில் போடு. காருக்கு எண்ணெய் அடி. 2022 நத்தார் நேரம் ஏரிக்கு அந்தப் பக்கம் பஃபலோவில் பனிப்புயலில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் சிலர் காருக்குள் மாட்டுப்பட்டவர்கள். அதற்குப் பிறகு கார் டிக்கியிலும் ஒரு போர்வையும் ஒரு சின்ன ஷவலும் முறுக்கு ஒரு பையும் நிரந்தரம். முறுக்கு மட்டும் நிரந்தரமாக நிற்பதில்லை.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு வேறு கணக்கு. அந்த 2013 இல் என் சிநேகிதி 17 ஆவது மாடியில் இருந்தாள். மேலே தண்ணீர் ஏற்றுவது மின்பம்ப், ஆகவே கரண்ட் போன கொஞ்ச நேரத்தில் குழாயும் காய்ந்துவிட்டது. லிஃப்ட் இல்லை. மாமனாருக்கு இன்சுலின். இரண்டு வாளி தண்ணீரோடு இருட்டில் 17 மாடி ஏறியதை அவள் இன்றைக்கும் பிரசவம் மாதிரிச் சொல்லுவாள். இப்போது எச்சரிக்கை என்றால் முதல் வேலையாகக் குளியல் தொட்டியை நிரப்பிவிடுகிறாள், கக்கூசுக்கு ஊற்ற. குடிதண்ணீர் தனியாகப் போத்தலில். அவளுக்குப் பல்கனியில் அடுப்பு மூட்டவும் வழியில்லை, ஆகவே ஊறவைத்துச் சாப்பிடுகிற சாமான்தான் முழுக்க.

பெட்டியில் வைப்பது சுலபம், அதைப் புதிதாக வைத்திருப்பதுதான் பெரும்பாடு. அதற்கு நாங்கள் பிடித்த வழி, மணிக்கூடு மாற்றுகிற நாள். மார்ச்சில் ஒரு ஞாயிறு, நவம்பரில் ஒரு ஞாயிறு. அன்றைக்கு இவர் காபனோரொட்சைட்டு அலாரத்துக்கும் புகை அலாரத்துக்கும் பற்றரி மாற்றுவார், அழுத்திக் கத்தவைத்துப் பார்ப்பார். அம்மா பெட்டியிலிருந்து பழைய ரின்மீனை எடுத்துக் கறி வைப்பார், புதியது உள்ளே போகும். மகளுக்குக் கோடைகால நேரம், குளிர்கால நேரம் எல்லாம் விளங்க முன்னமே, மணிக்கூடு மாறினால் ரின்மீன் கறி என்று தெரியும்.

2025 மார்ச் கடைசியில், குளிர்காலம் போய்விட்டதென்று எல்லாரும் ஷவலை உள்ளே வைத்த பிறகு, ஒரிலியா, பீற்றர்பரோ பக்கமெல்லாம் திரும்பவும் உறைமழை. சித்தியின் மகன் படிக்கிறதற்காக ஊரிலிருந்து வந்து பீற்றர்பரோவில் மூன்று பெடியங்களோடு ஒரு வீட்டில் இருந்தான். ஞாயிறு இரவு போன் வந்தது. போனில் 20 வீதம்தான் சார்ஜ் இருக்கு, சுருக்கமாகச் சொல்லுங்கோ அக்கா, என்ன செய்யிறது என்றான். நான் மெத்தை, ஒரே அறை, வால்வு என்று தொடங்க, அம்மா போனைப் பறித்தார்.

“தம்பி, வீட்டுக்குள்ளை கரி கிரி ஒண்டும் கொளுத்தேல்லைத்தானே?”

“இல்லைப் பெரியம்மா.”

“சுவரிலை வெள்ளைப் பெட்டி ஒண்டு இருக்கோ, பார். இருந்தால் அமத்திப் பார், கத்துதோ எண்டு.”

அவன் தேடிப் போகிற சத்தம் கேட்டது. எதிலோ தட்டுப்பட்டு விழுந்து எழும்பினான். பிறகு அந்தப் பக்கம் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அம்மா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அதன்பிறகுதான் அரிசிமா இருக்கோ என்று கேட்டார்.